முதல் ஆளுக்குக் கூலி கொடுக்கும் நாள்

கேட்டவர் செங்கம் பக்கத்துப் பெண். மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்கலாம் என்று இருக்கிறார். கணவருக்குக் கோவையில் வேலை. அவர் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: "பெண்கள் நடத்தும் தொழில்களில் தமிழ்நாடு முதலிடம் என்று படித்தேன். வடமாநிலங்களில் ஏன் குறைவு? எண்ணிக்கை அதிகமாக இருக்கும் இடத்தில் தொழில் வளரவும் செய்யுமா? நான் சொந்த ஊரில் தொடங்குவதா, கோவைக்குப் போய்த் தொடங்குவதா?"

மகளிர் குழுக்களுக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்து, அவர்களோடு வங்கிக்குப் போய் மேலாளர் அறைக்கு வெளியே காத்திருந்து, இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது எனக்கு. பார்த்ததையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் அந்த "முதலிடம்". அது 2013-14இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து வந்த பேச்சு. அப்போது நாட்டில் இருந்த சுமார் 5.85 கோடி நிறுவனங்களில் பெண்கள் கையில் இருந்தவை 80.5 லட்சம். நூற்றுக்குப் பதினான்குகூட இல்லை. அந்த 80.5 லட்சத்தில் தமிழ்நாட்டின் பங்கு 13.5 சதவீதம், கேரளம் 11.4, ஆந்திரம் 10.6, மேற்கு வங்கம் 10.3, மகாராஷ்டிரம் 8.3. உத்தரப் பிரதேசத்தின் மக்கள்தொகை நம்மைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். ஆனால் அங்கே பெண்கள் நடத்திய நிறுவனங்கள் நம்முடையதில் பாதிகூட வரவில்லை.

இதைப் படித்தால் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த இரண்டு வருடத்தில், 2015-16இல், தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு வேறொரு கணக்கை எடுத்தது. அதில் முதலிடம் மேற்கு வங்கத்துக்கு. பெண்கள் நடத்தும் சிறு குறுந்தொழில்களில் 23 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரே மாநிலத்தில். நாம் 10 சதவீதத்தோடு இரண்டாவது. இரண்டே வருடத்தில் எப்படித் தலைகீழானது? தலைகீழாகவில்லை. எதைத் தொழில் என்று எண்ணுகிறோம் என்பதுதான் மாறியது. முதல் கணக்கில் கால்நடை வளர்ப்பும் உண்டு. வீட்டில் இரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றும் அம்மாவும் அதில் ஒரு நிறுவனத்தின் உரிமையாளர். இரண்டாவது கணக்கில் விவசாயமும் மாடும் கிடையாது. ஆனால் வீட்டிலிருந்தபடி முதலாளிக்காகப் பொருள் செய்து கொடுப்பவர்களும் தனித்தனி நிறுவனங்களாக அதில் எண்ணப்படுகிறார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மேற்கு வங்கத்தில் முர்ஷிதாபாத் மாவட்டம், ஜங்கிப்பூர் பக்கம், வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். இலையும் தூளும் முன்ஷி என்ற இடைத்தரகர் கொடுப்பார். சுற்றி முடித்து அவரிடமே கொடுத்துவிட்டு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொள்ள வேண்டும். விலையைப் பீடி சுற்றும் அவள் வைப்பதில்லை, வாங்குபவரையும் அவள் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனாலும் புள்ளிவிவரத்தில் அவள் தொழில்முனைவோர். நம் ஊரிலும் இதே கதை உண்டு. தென்காசி, ஆலங்குளம், முக்கூடல், கடையநல்லூர்ப் பக்கம் போனால் மத்தியான நேரத்தில் திண்ணையெல்லாம் மடியில் சொளவை (முறத்தை) வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். சாயங்காலம் பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், சரியில்லை என்று சிலதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குக் கணக்கு எழுதுவார்கள். அந்தப் பெண்களின் கைவேகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் அதைத் தொழில் உரிமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதோடு லிஜ்ஜத் அப்பளத்தை வைத்துப் பாருங்கள். 1959இல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி ஆரம்பித்தது. வேலை முறை ஏறத்தாழ அதேதான். கிளையில் மாவைப் பிசைந்து கொடுப்பார்கள், பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பளம் இட்டு, காயவைத்து, மறுநாள் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் அங்கே உறுப்பினர்தான் உரிமையாளர். லாபம் வந்தால் பங்கு, நிர்வாகத்தில் வாக்கு, பெயர் அவர்களுடையது. இன்று நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதில் இருக்கிறார்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்து உருட்டுவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். விற்பனையும் பெயரும் யார் கையில் என்பதில்தான் எல்லாமே மாறிவிடுகிறது.

அதனால் எத்தனை பெண்கள் தொழில் செய்கிறார்கள் என்ற எண்ணை நான் இப்போது அதிகம் பார்ப்பதில்லை. நான் பார்ப்பது வேறு எண். அந்த 2013-14 கணக்கிலேயே இருக்கிறது: பெண்கள் நடத்தும் நிறுவனங்களில் சுமார் 83 சதவீதத்தில் கூலிக்கு வைத்த ஆள் ஒருவர்கூட இல்லை. சராசரியாக ஒரு நிறுவனத்தில் இரண்டு பேர்கூட வேலை பார்க்கவில்லை. ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்குக்குச் சொந்தப் பணம்தான் முதலீடு. ஆக, ஒரு வட்டாரத்தில் பெண்கள் தொழில் வளர்கிறதா என்று தெரிய வேண்டுமானால், அங்கே எத்தனை பெண்கள் இன்னொருவருக்குச் சனிக்கிழமைக் கூலி எண்ணிக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். தன் கையால் செய்ய முடிந்ததற்கு மேல் தொழில் போனால்தான் அந்த நாள் வரும்.

பிற்பாடு வந்த எண்களும் இதையேதான் சொல்கின்றன. சிறு குறுந்தொழில்களுக்காக அரசு 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவில், 2024 தொடக்கத்தில் அரசு கொடுத்த கணக்குப்படி, பெண்கள் பெயரில் இருந்தவை 20.5 சதவீதம். வேலைவாய்ப்பில் அவற்றின் பங்கு 18.7 சதவீதம். முதலீட்டில் 11, மொத்த விற்றுமுதலில் 10 சதவீதம்தான். ஐந்தில் ஒரு தொழில் பெண்ணுடையது, பத்தில் ஒரு ரூபாய்தான் அவள் வழியாகப் போகிறது. 2023-24க்கான இன்னொரு ஆய்வில், கம்பெனியாகப் பதியாத தனிநபர் தொழில்களில் பெண்கள் தலைமையில் இருப்பவை 26.2 சதவீதம் என்று வந்தது, முந்தைய வருடம் 22.9. எண்ணிக்கை ஏறுகிறது, நல்லதுதான். வளர்ச்சி தனிக் கதை.

சரி, மாநிலத்துக்கு மாநிலம் ஏன் வித்தியாசம்? "வடக்கே பெண்களை வெளியே விடமாட்டார்கள், இங்கே விடுவார்கள்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். அதில் உண்மை உண்டு, ஆனால் அதுவே முழு உண்மை இல்லை. எனக்கு எப்போதும் முதலில் தோன்றுவது சொத்து.

இந்துக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலப் பங்கு என்று நாடு முழுக்கச் சட்டம் வந்தது 2005இல். அதற்கு முன்பே தங்கள் மாநிலத்தில் மாற்றியவர்கள் ஐந்து பேர். கேரளம் 1976இல் கூட்டுக் குடும்பச் சொத்துமுறையையே நீக்கியது. ஆந்திரம் 1986, தமிழ்நாடு 1989, கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994. இப்போது மேலே சொன்ன முதல் ஐந்து மாநிலங்களை இன்னொரு முறை பாருங்கள். மேற்கு வங்கம் தவிர நாலும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. இது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். இந்த மாநிலங்களில் பெண்கள் படித்ததும், மில்லுக்கும் கம்பெனிக்கும் வேலைக்குப் போனதும் கூடவே நடந்தது. ஆனால் வங்கிக் கடனுக்காகப் பெண்களோடு அலைந்த எவரும் இந்தப் பொருத்தத்தைத் தற்செயல் என்று தள்ளிவிட மாட்டார்கள்.

ஏனென்றால் கடைசியில் மேலாளர் கேட்பது, "பத்திரம் இருக்கா?" பத்து லட்சம் வரை குறுந்தொழில் கடனுக்குப் பிணையம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் கேட்பார்கள். நேரடியாகக் கேட்காவிட்டால் "வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாங்க" என்பார்கள். தருமபுரி மாவட்டத்தில் ஒரு பெண் மிளகாய், மல்லி அரைக்கும் மில் வைத்திருந்தார். தன் குழுவில் பத்து வருடம் ஒரு தவணை தவறாமல் கட்டியவர். பெரிய அரவை இயந்திரம் வாங்கக் கடன் கேட்டோம். கொட்டேஷன், மின் இணைப்புக் கட்டண ரசீது, விற்பனைக் கணக்கு எல்லாம் வைத்தோம். நாலு முறை அலைந்த பிறகு கிளையில் சொன்ன வார்த்தை, கணவர் ஜாமீன் போட்டால் பார்க்கலாம் என்பது. அந்தக் கணவர் ஏற்கெனவே வாங்கிய டிராக்டர் கடனைக் கட்டாமல் விட்டவர்! அவரை விட்டுவிட்டு இந்த அம்மாவின் கணக்கை மட்டும் பாருங்கள் என்று நான் எழுதிக் கொடுத்த கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சட்டம் இருந்தாலும் சொத்து கைக்கு வருவது வேறு. நம் ஊரில் தன் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்காத தங்கை எத்தனை பேர்? "சீர் செஞ்சாச்சே" என்ற ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். இருந்தாலும் சட்டம் முன்னால் வந்த மாநிலங்களில், பேரம் பேசவாவது பெண்ணுக்கு ஒரு பிடி கிடைத்தது. அப்பா ஐந்து சென்ட் மனையை மகள் பெயரில் செட்டில்மென்ட் எழுதி வைப்பது இங்கே கேள்விப்படாத செய்தி இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று தமிழ்நாடு அரசு கொண்டுவந்திருக்கிறது. சின்னச் சலுகைதான். ஆனால் பத்திரத்தில் யார் பெயரைப் போடுவது என்று வீட்டில் பேச்சு வரும்போது அந்த ஒரு சதவீதம் பெண் பக்கம் நிற்கும்.

அடுத்தது குழுக்களின் வரலாறு. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் வந்தது. 1989இல் ஐ.நா.வின் விவசாய வளர்ச்சி நிதியத்தோடு சேர்ந்து தருமபுரியில் மகளிர் குழுக்களைத் தொடங்கினார்கள். தொழில் வளமுள்ள கோவையில் தொடங்கவில்லை, அன்றைக்கு மிகவும் பின்தங்கியிருந்த தருமபுரியில் தொடங்கினார்கள் என்பதை நான் எப்போதும் நன்றியோடு நினைப்பேன். 1992இல் கிராம வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்த்தது. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு இயக்கம் 1998இல். பீகாரில் மகளிர் குழுக்களுக்கான ஜீவிகா திட்டம் தொடங்கியது 2006-07 வாக்கில்தான். ஒரு தலைமுறை வித்தியாசம். நம் ஊரில் இன்று மில் வைத்திருக்கும் பெண்ணின் அம்மா, குழுவில் ஊக்குநராக இருந்து வங்கிச் சலானை நிரப்பியவர். அந்த அனுபவம் பீகாரில் இப்போதுதான் விளைந்துகொண்டிருக்கிறது. அங்கே தன் பெயரில் தானே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு வைத்திருந்த பெண்கள் 2015-16இல் நாலில் ஒருவர், ஐந்தே வருடத்தில் நாலில் மூவர். அடுத்த பத்து வருடத்தில் பீகார் பெண்களைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டி வந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

உள்ளாட்சி இட ஒதுக்கீட்டுக்கும் இதில் பங்கு இருக்கிறது. எஜாஸ் கனி, வில்லியம் கெர், ஸ்டீபன் ஓகானல் மூவரும் இந்தியப் பெண்கள் தொழிலை மாவட்டம் மாவட்டமாக ஆராய்ந்தவர்கள். பெண்களுக்கு இட ஒதுக்கீடு வந்தபின் பெண்கள் தொடங்கும் சிறு தொழில்கள் கூடியதாகக் கண்டார்கள். கூடியவை பெரும்பாலும் வீட்டிலேயே நடத்தும் சின்னத் தொழில்கள். இன்னொன்றும் சொன்னார்கள். ஒரு மாவட்டத்தில் ஒரு தொழிலில் ஏற்கெனவே பெண் உரிமையாளர்கள் இருந்தால், அதே தொழிலிலும் அதை ஒட்டிய தொழில்களிலும் புதிதாக வரும் பெண்களும் அதிகம். கேட்டால் இதில் என்ன புதுசு என்று தோன்றும். ஆனால் வட்டார வித்தியாசத்தின் வேர் இங்கேதான். ஒரு ஊரில் நாலு பெண்கள் செய்தால் ஐந்தாவது பெண்ணுக்கு யாரிடம் நூல் வாங்குவது, யார் பணம் இழுத்தடிப்பார், எந்த அதிகாரி நியாயமானவர் என்பதெல்லாம் கிணற்றடியிலேயே தெரிந்துவிடும். முதல் பெண்ணுக்கு அது எதுவும் தெரியாது.

அதனால்தான் மாநில எல்லையைவிட மாநிலத்துக்குள் இருக்கும் வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நாட்டில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஆனால் அந்த வேலைகள் எல்லா மாவட்டத்திலும் சமமாக இல்லை. திருப்பூரில் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்த பெண், செக்கிங்குக்குப் போய், டெய்லராகி, பத்து வருடம் கழித்து நாலு பவர் டேபிள் மிஷின் போட்டு, கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுக்கிறார். ஆர்டர் கொடுப்பவரை அவருக்கு முன்பே தெரியும், தைக்க வரும் பெண்களும் அவரோடு ஒரே லைனில் இருந்தவர்கள்தான். முதல் நாளே ஆறு பேருக்குச் சம்பளம் போடுகிறார். டெல்டா மாவட்டத்து நெல் கிராமத்தில் அதே திறமையுள்ள பெண்ணுக்கு அந்த ஏணி இல்லை. தையல் பயிற்சி கொடுத்து மிஷினும் இலவசமாகக் கொடுத்தாலும், தெருவில் உள்ள ரவிக்கைகளைத் தைத்து முடித்தபின் வேலை நின்றுவிடுகிறது. பயிற்சியில் குறை இல்லை, பக்கத்தில் வாங்க ஆள் இல்லை.

மணிப்பூரில் இம்பால் நகரத்தின் இமா கெய்தெல் சந்தையைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. "அம்மாக்களின் சந்தை" என்று பொருள். ஆயிரக்கணக்கான பெண்கள் கடை வைத்திருக்கிறார்கள், விற்பவர் முழுக்கப் பெண்கள். அம்மாவிடமிருந்து மகளுக்கோ மருமகளுக்கோ இடம் போகும். 1939இல் அரிசி ஏற்றுமதியை எதிர்த்து ஆங்கிலேய அதிகாரத்தின் முன்னால் நின்ற நூபி லான் போராட்டத்தில் இந்தச் சந்தைப் பெண்கள்தான் முன்னணி. வியாபாரம் செய்யும் உரிமையை அங்கே எந்தப் பெண்ணும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மேகாலயத்தில் காசி சமூகத்தில் குடும்பச் சொத்து கடைசி மகளுக்குப் போகிறது. ஷில்லாங்கின் பெரிய சந்தையிலும் பெண்கள்தான் கண்ணில் படுவார்கள். ஆனால் சொத்தும் சந்தையும் கையில் இருக்கும் அந்த மலைப்பகுதிகளிலும் பெரும்பாலான கடைகள் ஒரு பெண், ஒரு பலகை, அன்றைய சரக்கு என்ற அளவிலேயே நிற்கின்றன. பெரிய சந்தை தூரம், சரக்கு ஏற்றும் கூலி அதிகம், மணிப்பூரில் அமைதியும் அடிக்கடி குலைந்துவிடுகிறது. உரிமை இருந்தும் சாலையும் வாங்குபவரும் இல்லாவிட்டால் தொழில் அந்தப் பலகையைத் தாண்டுவதில்லை.

கேரளம் இதற்கு ஒரு வழி கண்டது. குடும்பஸ்ரீ பெண்கள் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கான அமிர்தம் சத்துமாவைச் செய்து கொடுக்கிறார்கள். வாங்குபவர் அரசு, மாதா மாதம் இவ்வளவு வேண்டும் என்று முன்பே தெரியும். அதனால் அந்தக் குழுக்கள் தைரியமாக மாவு மில்லில் முதலீடு செய்கின்றன. நம் ஊரில் கண்காட்சியில் மூன்று நாள் ஸ்டால் போட்டுக் கொடுத்துவிட்டுச் சந்தைப்படுத்தல் முடிந்தது என்று எழுதிக்கொள்கிறோம். எத்தனையோ கண்காட்சிகளில் விற்காத ஊறுகாய் பாட்டில்களைப் பெண்களோடு சேர்ந்து திரும்பப் பெட்டியில் அடுக்கியிருக்கிறேன். மூன்று நாள் கூட்டத்தைவிட மாதம் ஐம்பது கிலோ நிச்சயமாக வாங்கும் ஒரு ஹாஸ்டல் மேல்.

அப்புறம், பணம் கொடுத்தால் வளருமா என்ற கேள்வி. இதில் இலங்கையில் நடந்த ஒரு ஆய்வு மிக முக்கியமானது. 2005இல், சுனாமிக்குப் பிறகு, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு தொழில் செய்பவர்களில் குலுக்கல் முறையில் சிலருக்குப் பத்தாயிரம் அல்லது இருபதாயிரம் ரூபாய் திருப்பித் தர வேண்டாத உதவியாகக் கொடுத்தார்கள். சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டோபர் உட்ரஃப் மூவரும் செய்தது. ஆண்கள் நடத்திய தொழில்களில் லாபம் நன்றாக ஏறியது. பெண்கள் தொழிலில் சராசரியாக எதுவும் ஏறவில்லை. இதைப் படித்துவிட்டுப் பெண்களுக்கு வியாபாரம் வராது என்று பேசியவர்கள் உண்டு. 2019இல் வேறு ஆய்வாளர்கள் அந்தத் தரவையும் கொல்கத்தா, கானா தரவுகளையும் சேர்த்துத் திரும்பப் பார்த்தார்கள். வீட்டில் கணவருக்கும் ஒரு தொழில் இருந்தால், மனைவிக்கு வந்த பணம் அவர் தொழிலுக்குப் போய்விடுகிறது. வீட்டில் அவள் ஒருத்திதான் தொழில் செய்கிறாள் என்றால், அவள் காட்டிய லாபம் ஆண்களுக்குக் குறைந்ததாக இல்லை. குழுக் கடன் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்த எங்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. "அம்மா பேர்ல லோன், ஐயா பேர்ல வண்டி" என்பது நாங்கள் களத்தில் பேசிக்கொள்ளும் வார்த்தை.

கடன் தவணை முறையும் வளர்ச்சியைத் தடுக்கும். கொல்கத்தாவில் பெண்களுக்கு நுண்கடன் கொடுத்து, ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல இரண்டு வாரத்தில் முதல் தவணை, இன்னொரு பகுதியினருக்கு இரண்டு மாதம் கழித்து என்று வைத்துப் பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்து இரண்டாவது பகுதியினரின் லாபம் ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல். தவணை தவறியவர்களும் அந்தப் பக்கம் கூடுதல் என்பதையும் சொல்ல வேண்டும். வாரக் கடன் வாங்கிய பெண் மிஷின் வாங்கமாட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை கட்ட வேண்டுமே என்று இன்று வாங்கி நாளை விற்கும் சரக்கில்தான் போடுவார். வாரக் கடன் எளிதாகக் கிடைக்கும் வட்டாரங்களில் சின்னக் கடைகள் பெருகுவதும், எதுவும் பெரிதாகாமல் நிற்பதும் ஒன்றோடொன்று சேர்ந்தவை.

இன்னொன்று, துணை. அகமதாபாத்தில் சேவா வங்கி, அதாவது சுயதொழில் செய்யும் பெண்களுக்காக எலா பட் தொடங்கிய சேவா அமைப்பு 1974இல் ஆரம்பித்த வங்கி, தன் வாடிக்கையாளர் பெண்களுக்கு இரண்டு நாள் தொழில் பயிற்சி கொடுத்தபோது, சிலரைத் தோழியோடு வரச் சொன்னார்கள், சிலரைத் தனியாக. நாலு மாதம் கழித்துப் பார்த்தால் தோழியோடு வந்தவர்கள்தான் தொழிலுக்காக அதிகம் கடன் வாங்கியிருந்தார்கள், அவர்கள் வீட்டு வருமானமும் ஏறியிருந்தது. கட்டுப்பாடு அதிகமுள்ள சமூகங்களில் அந்தப் பலன் இன்னும் கூடுதல். இதைத்தான் வடக்கு, தெற்கு பேச்சில் நான் சேர்த்துச் சொல்வேன். பெண் தனியாக வெளியே போக முடியாத இடத்தில் அவளை மாற்ற வேண்டியதில்லை, கூட ஒருத்தி இருந்தால் பாதி கதவு திறந்துவிடும். நம் ஊரில் 2021இல் வந்த கட்டணமில்லா டவுன் பஸ்ஸும் அந்த வகையில்தான் வேலை செய்கிறது. பஸ் காசை வீட்டில் கேட்க வேண்டாம் என்றால், எங்கே போகிறாய் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டாம். இரண்டு பெண்கள் கூடையோடு பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய் விலையை நேரில் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. செங்கமா, கோவையா?

கோவையில் வாங்கும் ஆட்கள் அதிகம், செக்கெண்ணெய்க்கு நல்ல விலை கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் அங்கே தெருவுக்கு ஒரு செக்கு வந்துவிட்டது. வாடகை, முன்பணம், மின்கட்டணம் எல்லாம் முதல் மாதத்திலிருந்து ஓடும். உங்களுக்கு அங்கே குழு இல்லை, தெரிந்த கடலை வியாபாரி இல்லை. செங்கத்தில் உங்களுக்கு இருப்பது கடலை. திருவண்ணாமலை மாவட்டம் நிலக்கடலைக்குப் பேர்போனது. அறுவடை நேரத்தில் காய்ந்த காயைப் பார்த்து, கையில் குலுக்கி, விலை பேசி வாங்க முடிவது இந்தத் தொழிலில் பாதி லாபம். பத்து கிலோ பருப்பு ஆட்டினால் நாலு கிலோவை ஒட்டித்தான் எண்ணெய் வரும், பருப்பு விலையில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏமாந்தால் எண்ணெய் விலையில் அதை ஈடுகட்ட முடியாது. பிண்ணாக்கை வாங்கிக்கொள்ள மாடு வைத்திருக்கும் வீடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. கோவையில் பிண்ணாக்கு உங்களுக்கு இன்னொரு சுமை.

மானியமும் இடத்தைப் பார்த்துத்தான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பெண்களுக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25. நீங்கள் போட வேண்டிய பங்கு 5 சதவீதம். மானியப் பணம் மூன்று வருடம் வங்கியில் வைப்பாக இருக்கும், கையில் வராது, அதை நம்பி யாரிடமும் கைமாற்று வாங்காதீர்கள். விதி அவ்வப்போது மாறும், அதனால் மாவட்டத் தொழில் மையத்தில் இன்றைய நிலையைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். செக்கு போடும் இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா இடமோ மாமனார் இடமோ என்றால், உங்கள் பெயருக்குக் குத்தகைப் பத்திரமாவது பதிந்துகொள்ளுங்கள். இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். மின் இணைப்பு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, உத்யம் பதிவு, வங்கிக் கணக்கு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு காகிதம்தான் அடி.

கோவையை விட்டுவிடச் சொல்லவில்லை. கணவர் அங்கே இருப்பது உங்களுக்குக் கிடைத்த விற்பனை வாசல். செங்கத்தில் ஆட்டி, கோவையில் பத்து வீடு, இரண்டு மெஸ், ஒரு மளிகைக் கடை என்று ஆரம்பியுங்கள். பில் உங்கள் பெயரில் போகட்டும், பணம் உங்கள் கணக்குக்கே வரட்டும். அவர் கணக்கில் வாங்கி மாதக் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் வைக்காதீர்கள். களுத்துறைப் பெண்களுக்கு நடந்ததுபோல் உங்கள் பணமும் வேறு பக்கம் போய்விடலாம்.

முதல் ஆறு மாதம் நீங்களே செக்கில் நில்லுங்கள். அதற்குப் பிறகு, உங்கள் குழுவிலேயே கணக்கு எழுதத் தெரிந்த ஒரு பெண்ணை நாள் கூலிக்கு வைத்துக்கொள்ளுங்கள், லாபம் இன்னும் சரியாக வராவிட்டாலும்கூட. தருமபுரி மிளகாய் மில் அம்மா கடைசியில் வேறொரு கிளையில் கடன் வாங்கினார். இயந்திரம் வந்த பிறகும் ஒரு வருடம் வியாபாரம் ஏறவில்லை. காரணம், அவரே அரைத்து, அவரே பொட்டலம் போட்டு, அவரே கடை கடையாகப் போனார். பக்கத்து வீட்டுப் பெண்ணை அரவைக்கு வைத்த பிறகுதான் அவரால் சேலம் வரை போய் ஆர்டர் பிடிக்க முடிந்தது. போன முறை பார்த்தபோது மூன்று பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் மில்லில் இல்லை, விருதுநகருக்கு வற்றல் வாங்கப் போயிருக்கிறார் என்றார்கள்.